மீதி 57 எங்கே?

என் மகனுக்கு அப்போது ஏழு வயது. மலேசியாவில் பகாவ் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் நான் செக்ரோல் என்ற ஆள் கணக்குப் பதிவேடு எழுதும் கிராணி, அதாவது குமாஸ்தா. பள்ளி விட்டதும் அவன் நேரே ஆபீசுக்கு வந்துவிடுவான். ஸ்டோரில் உரச் சாக்குகள் அடுக்கியிருக்கும் இடம்தான் விளையாட்டுத் திடல். ஒருநாள் மத்தியானம் வந்து நின்றான்.

"மா, சாக்குல 12, 12, 17, 2ன்னு போட்டிருக்கு. நூறு கிலோவுல இவ்வளவு இருக்குன்னு ஸ்டோர் தாத்தா சொன்னாரு. கூட்டினா 43தான் வருது. மீதி 57 எங்க?"

பிறந்ததிலிருந்து உரச் சாக்கைப் பார்த்து வளர்ந்தவள் நான். அப்பா உரம் போட்டே முதுகு வளைந்தவர். எங்கள் யாருக்கும் அந்த 57 தோன்றியதே இல்லை. வேலையாட்களை மேய்க்கும் மண்டோரைக் கேட்டேன். "மண்ணக் கலந்திருப்பானுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதே மாதம் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. வீட்டுப்பாடமாகக் கொடுத்த இருபது கணக்கில் மூன்றைப் போட்டுவிட்டு, கீழே "மற்றதும் இதே மாதிரிதான்" என்று எழுதி வைத்திருந்தான். டீச்சருக்குக் கோபம். வீட்டில் செல்லம் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். நான் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் ரோத்தான் பிரம்பை எடுத்து இரண்டு போட்டேன். உரச் சாக்குக் கேள்வியும் இந்த நோட்டும் ஒரே பிள்ளையின் ஒரே குணம் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. புரிந்திருந்தால் ரோத்தான் கூரையிலேயே செருகிக் கிடந்திருக்கும்.

பள்ளிக்குப் பயிற்சிக்கு வந்திருந்த ஓர் இளம் டீச்சர்தான் கண்ணைத் திறந்தார். ஜோசப் ரென்சுல்லி என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1978இல் சொன்னதாக அவர் விளக்கியது இதுதான்: சராசரிக்கு மேற்பட்ட திறன், புதிதாக யோசிக்கும் குணம், எடுத்ததை விடாமல் பிடித்துத் தொங்கும் பிடிவாதம், இந்த மூன்று வளையமும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில்தான் மீத்திறன் இருக்கிறது. பரீட்சை மார்க் அதில் முதல் வளையத்தை மட்டும், அதுவும் அரைகுறையாகத்தான் காட்டும். எங்கள் பள்ளியில் "கெட்டிக்காரப் பிள்ளை" என்றால் கையெழுத்து அழகாக இருக்கும், வாய் பேசாது, தலை படிய வாரியிருக்கும். என் மகனுக்கு மூன்றும் கிடையாது.

அன்றிலிருந்து ஒரு பழைய செக்ரோல் நோட்டில் அவன் கேட்கும் கேள்விகளைத் தேதி போட்டு எழுத ஆரம்பித்தேன். எதையும் திருத்தாமல், அவன் சொன்ன வார்த்தையிலேயே. தலைமையாசிரியரிடம் பேசப் போகும்போது என் வாயைவிட அந்த நோட்டு நன்றாகப் பேசியது. மற்ற எதையும் செய்ய நேரமில்லாத பெற்றோர் இந்த ஒன்றையாவது செய்யலாம். காசு செலவில்லை.

எங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை முன்பே இருந்தது. என் அண்ணன்.

1996இல் அரசாங்கம் பி.டி.எஸ். என்று ஒரு பரீட்சை கொண்டுவந்தது. மூன்றாம் ஆண்டில் எழுதித் தேறினால் நான்காம் ஆண்டைத் தாண்டி நேரே ஐந்தாம் ஆண்டுக்குப் போகலாம். முதல் தவணையிலேயே எழுதித் தேறியவன் அண்ணன். எங்கள் வரிசை வீடுகளான லயமே கொண்டாடியது. அப்பா இரண்டு கோழி அடித்தார். ஆனால் தாண்டிய அந்த ஒரு வருஷத்துப் பாடத்தை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பின்னக் கணக்கு தெரியாமல் ஐந்தாம் ஆண்டில் உட்கார்ந்திருந்தான். மலாய் அதைவிட மோசம். தோட்டத்தில் எங்களுக்கு மலாய் பேச ஆள் ஏது? 1998இல் ஆறாம் ஆண்டு அரசாங்கப் பரீட்சையான யூ.பி.எஸ்.ஆர். எழுதினான். மலாயில் சறுக்கியதால் இடைநிலைப் பள்ளியில் முதல் படிவத்துக்கு, அதாவது ஏழாம் வகுப்புக்கு, போகாமல் ஒரு வருஷம் புகுமுக வகுப்பு, நாங்கள் சொல்லும் பெராலிஹான். தாண்டிக் குதித்து மிச்சம் பிடித்த வருஷத்தை அங்கே கொண்டுபோய்க் கொட்டினான். 2000இல் அவன் முதல் படிவத்தில் நுழைந்தபோது, பக்கத்து மேசையில் அவனோடு மூன்றாம் ஆண்டில் படித்த அதே பையன்கள். கொஞ்ச காலத்தில் பி.டி.எஸ். பரீட்சையையே எடுத்துவிட்டார்கள். அண்ணன் இப்போது செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வான். அம்மா மட்டும் சிரிக்க மாட்டார்.

அதனால் என் மகன் விஷயத்தில் இரண்டு முடிவு எடுத்திருந்தேன். வகுப்பைத் தாண்ட விடுவதில்லை. மலாயை விடுவதில்லை. இரண்டாவதுக்காக தினமும் ராத்திரி அரை மணி நேரம் மலாய்க் கதைப் புத்தகம் சத்தமாக வாசிப்போம். என் உச்சரிப்பைக் கேட்டு அவன் சிரிப்பான். பரவாயில்லை.

பெர்மாத்தா பிந்தார் பற்றித் தெரிந்தது வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய மலாய் போஸ்டரில். பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகம், அதாவது யூ.கே.எம்., நடத்தும் மீத்திறன் மாணவர் திட்டம். அதன் முதல் விடுமுறை முகாம் 2009இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மையத்தோடு சேர்ந்து நடந்தது. பிறகு அங்கேயே விடுதியோடு முழுநேரப் பள்ளியும் வந்தது. 2018 ஆட்சி மாற்றத்துக்குப் பின் ஜீனியஸ் பிந்தார் என்று பெயர் மாறியது. எங்கள் ஊரில் இன்றைக்கும் பெர்மாத்தாதான். வழி இப்படி: யூ.கே.எம்.1 இணையத் தேர்வு, அதில் தேறினால் யூ.கே.எம்.2, அதிலும் தேறினால் பள்ளி விடுமுறையில் முகாம். முகாமுக்குப் பிறகு யூ.கே.எம்.3 வழியாக முழுநேரப் பள்ளிக்கு ஆள் எடுப்பார்கள்.

பள்ளி சொல்லும் என்று காத்திருந்தால் தேதி போயிருக்கும். எங்கள் பள்ளியில் அந்தச் சுற்றறிக்கை வந்ததா, மேசை இழுப்பறையில் தூங்கியதா, தெரியாது. நான் கேட்டதற்கு அப்புறம்தான் தேடினார்கள். தோட்டப் புறத்துப் பெற்றோர் ஆண்டுத் தொடக்கத்திலேயே தாங்களாகப் போய்க் கேட்க வேண்டும்.

வீட்டில் போன் லைன் ஒரு கோடு வரும், போகும். நேரம் குறித்த தேர்வை அதில் எழுத முடியாது. பகாவ் டவுனில் சித்தி வீட்டுக்கு முதல் நாள் ராத்திரியே போய்த் தங்கி, காலையில் பசியாறிவிட்டு எழுத வைத்தேன். மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் கேள்விகள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்குக் கணக்கைவிடக் கேள்வி புரிவதுதான் முதல் வேலி. அந்த அரை மணி நேர மலாய் வாசிப்பு அன்றைக்குத்தான் பலன் கொடுத்தது. "பெர்மாத்தா டியூஷன்" என்று சொல்லி நூற்றுக்கணக்கில் கேட்டவர்களும் உண்டு. நான் கொடுக்கவில்லை. அந்தப் பணத்துக்குச் சதுரங்கப் பலகையும் ஒரு நல்ல மலாய் அகராதியும் வாங்கினேன், மிச்சம் இருந்தது.

அன்றைக்கு என்னோடு இன்னொரு பையனும் வந்திருக்க வேண்டும். பின் லயத்துப் பையன், மகனின் கூட்டாளி. பள்ளியில் மகன் தோற்றுப்போகும் ஒரே ஆள் அவன்தான். சதுரங்கத்தில் அவனை எதிர்த்து உட்கார என் மகன் அஞ்சுவான். பதிவு செய்யும் பக்கத்தைத் திறந்தால் மைகிட் எண், அதாவது பிள்ளைகளின் அடையாள அட்டை எண், கேட்டது. அவனுக்கு மைகிட் இல்லை. அப்பா இங்கே பிறந்தவர், அம்மா வெளிநாட்டுக்காரர், கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பிள்ளை பிறக்கும் முன் திருமணத்தைப் பதியவில்லை. அப்படிப் பிறந்த பிள்ளை குடியுரிமையில் தாயைத்தான் சேரும். இங்கே பிறந்து, இங்கேயே படித்து, இங்கே யாருமாக இல்லாமல் நின்றான். "பரவால ஆண்ட்டி, அவன் எழுதிட்டு வந்து கேள்விய சொல்லட்டும், நான் சும்மா போட்டுப் பாக்குறேன்" என்றான். பத்து வயது அவனுக்கு.

2018 ஆண்டிறுதி விடுமுறையில் மகனுக்கு முகாம். மூன்று வாரம். மச்சான் காரில் கோலப்பிலா வழியாக, புக்கிட் புத்துஸ் மலை ஏறி இறங்கி, சிரம்பானில் நெடுஞ்சாலை பிடித்து பாங்கி போனோம். மாட்டிறைச்சி சாப்பிட மாட்டான் என்று படிவத்தில் எழுதியதோடு, விடுதி அக்காவிடமும் நேரில் சொல்லிவிட்டு வந்தேன். இதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள், அவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். முதல் நான்கு நாள் அழுதான். ஐந்தாம் நாள் போனில், "மா, இங்க எல்லாரும் என்ன மாதிரியே தொந்தரவு பண்றாங்க" என்றான். குரலில் அவ்வளவு சந்தோஷம். மூன்று வாரமும் ஒரே பாடம், காலையிலிருந்து சாயங்காலம் வரை. இருபது கணக்குக்குப் பதில் ஒரே கணக்கை இரண்டு நாள் உடைப்பார்களாம். வகுப்பில் அவன் முதல் ஆளாக வரவில்லை, நடுவில் எங்கோ இருந்தான். அதுவும் நல்லதாகவே பட்டது.

இனி சொல்லப் போவது என் தப்பு.

அவன் திரும்பி வருவதற்குள் நான் தோட்டம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தேன். கோயில் கமிட்டி பொன்னாடை போட்டது. தைப்பூசத்துக்கு வந்த உறவெல்லாம் "எப்ப பாங்கிக்குப் போற ஐயா?" என்று கேட்டது. முழுநேரப் பள்ளிக்கு அழைப்பு வரவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மின்னஞ்சலைப் பார்க்க என்னைப் படுத்தி எடுத்தவன், மார்ச் மாதத்தில் கேட்பதை நிறுத்தினான். மின்னஞ்சலை மட்டுமல்ல, எதையும் கேட்பதை நிறுத்தினான். நோட்டை இப்போது புரட்டினாலும் அந்தப் பக்கங்கள் தெரியும். பிப்ரவரி 2019இல் பதினான்கு கேள்வி. ஏப்ரலில் ஒன்றுகூட இல்லை. வகுப்பில் தலையைக் கவிழ்த்துத் தூங்க ஆரம்பித்தான்.

பொன்னாடையைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு, தலைமையாசிரியரிடம் போனேன். ஒன்று கேட்டேன். "சார், எழுத வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு லினுஸ்னு ஒரு திட்டம் 2010லேர்ந்து இருந்துச்சு. லிஸ்ட் இருந்துச்சு, ஸ்கிரீனிங் இருந்துச்சு. முன்னால ஓடுற மறுபக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு லிஸ்ட் இருக்கா?" சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "என்ன செய்யலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றார். நல்ல மனிதர். இப்படிக் கேட்கும் தலைமையாசிரியர் எல்லாருக்கும் வாய்க்க மாட்டார் என்பதும் தெரியும்.

செய்தவை இரண்டே இரண்டு, இரண்டுக்கும் மேலிடத்து அனுமதி தேவைப்படவில்லை. முதலாவது, கணக்குப் பாடத்துக்கு மட்டும் ஆறாம் ஆண்டு வகுப்பில் போய் உட்காருவது. மற்றதெல்லாம் அவன் வகுப்பில். எங்களுடையது நூற்றைம்பது பேருக்குக் குறைந்த பள்ளி, மலாயில் எஸ்.கே.எம். என்பார்கள். பெரிய பள்ளியில் இதற்கு நேர அட்டவணையையே புரட்ட வேண்டியிருக்கும். இங்கே பக்கத்துக் கதவைத் திறந்தால் போதும். சின்னப் பள்ளி என்று குறைப்பட்டுக்கொள்கிற நமக்கு, இந்த ஒரு வசதி கண்ணில் படுவதில்லை. அண்ணனுக்கு நடந்த மாதிரி முழு வகுப்பையும் தாண்டினால் ஓட்டை விழும். ஒரு பாடத்தில் மட்டும் தாண்டினால், விழுந்த ஓட்டையை அடைக்க ஆள் பக்கத்திலேயே இருக்கிறார்.

இரண்டாவது, வீட்டுப்பாடம். டீச்சரிடம் இப்படிப் பேசி முடித்தோம்: பயிற்சியில் கடைசியாக வரும் கடினமான ஐந்து கணக்கை முதலில் போடட்டும். நான்கு சரியென்றால் மிச்சம் பதினைந்தும் தள்ளுபடி, அந்த நேரத்தில் ஒரே ஒரு பெரிய கணக்கு. நான்குக்குக் கீழே போனால் இருபதும் போட வேண்டும், முணுமுணுக்கக் கூடாது. டீச்சர் முதலில் தயங்கினார், மற்ற பிள்ளைகள் கேட்பார்களே என்று. கேட்டால் அவர்களுக்கும் அதே விதி என்றேன். பின் லயத்துப் பையன்தான் முதலில் கேட்டான். மாத முடிவில் அந்த விதியில் ஐந்து பிள்ளைகள் இருந்தார்கள். அதில் ஒருத்தி அதுவரை யாரும் கண்டுகொள்ளாத, மார்க் எழுபதைத் தாண்டாத பெண். சுலபமான கணக்கில் கவனக்குறைவாகத் தப்பு விடுவாள், கடினமானதில் விட மாட்டாள்.

முகாமில் பெற்றோருக்குச் சொன்ன ஒரு விஷயமும் உதவியது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜூலியன் ஸ்டான்லி என்ற பேராசிரியர் 1971இல் தொடங்கிய ஆய்வில், பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் கல்லூரி நுழைவுத் தேர்வைக் கொடுத்துப் பார்த்தார். வகுப்புப் பரீட்சையில் நூறு வாங்கும் பத்துப் பிள்ளைகள் ஒரே உயரமாகத் தெரிவார்கள், ஏனென்றால் கூரை தலையில் இடிக்கிறது. கூரையைத் தூக்கினால்தான் யார் எவ்வளவு உயரம் என்று தெரியும். வீட்டில் இதைச் செய்ய நிபுணர் வேண்டாம். பக்கத்து வீட்டு அக்கா மகளிடம் பழைய முதல் படிவக் கணக்குப் புத்தகத்தை இரவல் வாங்கினேன். எங்கே தடுக்கி விழுகிறானோ, அங்கிருந்து பாடம் ஆரம்பம்.

கேள்விகள் ஜூன் மாதம் நோட்டில் திரும்ப வந்தன. அந்தச் சமயத்தில் தோட்டத்துக்குப் புதிதாக ஓர் உதவி மேலாளர் வந்தார், விவசாயம் படித்த சின்ன துரை. பையன்கள் இருவரையும் கூட்டிப் போய் நிறுத்தி, அந்தப் பழைய 57ஐக் கேட்கச் சொன்னேன். நைட்ரஜனோ பாஸ்பரஸோ பொட்டாசியமோ தனியாகச் சாக்கில் நிற்காது, வேறு அணுக்களோடு சேர்ந்துதான் உப்பாக இருக்கும், மீதியில் பெரும்பகுதி அந்த மற்ற அணுக்களும் நிரப்பும் பொருளும் என்று அவர் விளக்கினார். 17 என்பதுகூட பொட்டாசியம் ஆக்சைடாகக் கணக்கிட்ட எண் என்றார். என் மகன் தலையாட்டினான். பின் லயத்துப் பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அந்த 17லயும் ஆக்சிஜன் இருக்கா சார்? உண்மையான பொட்டாசியம் எவ்வளவு?" என்றான். சின்ன துரை போனை எடுத்துக் கணக்குப் போட்டார். பதினான்கு சொச்சம். அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் அரை மணி நேரம் அவர்களுக்கு ஒதுக்கினார். மாற்றலாகிப் போகும்வரை அது நடந்தது. ஊரில் இப்படி ஒருவர், மருந்தகக்காரரோ மின்வாரியத்துக்காரரோ, எங்கும் கிடைப்பார். பிள்ளையின் கேள்வியைக் கையில் கொடுத்து அனுப்பினால் அநேகமாக மறுக்க மாட்டார்.

சிங்கப்பூரில் இருக்கும் ஒன்றுவிட்ட தங்கை ஒரு செய்தி அனுப்பினாள். 1984 முதல் அங்கே மூன்றாம் ஆண்டில் பரீட்சை வைத்துப் பொறுக்கி, சில பள்ளிகளில் மட்டும் நடத்திவந்த மீத்திறன் திட்டத்தை மாற்றி, எல்லாத் தொடக்கப்பள்ளியிலும் அந்தப் பிள்ளைகளுக்கு அங்கேயே வசதி செய்யப் போவதாக 2024 ஆகஸ்டில் அவர்கள் பிரதமர் அறிவித்தாராம். "நீங்க பக்கத்துக் கதவத் திறந்தீங்களே, அதேதான் அக்கா" என்று எழுதியிருந்தாள். எங்கள் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது என்று பதில் போட்டேன்.

என் மகனைப் போல 2008இல் பிறந்த பிள்ளைகளின் ஜாதகம் விசித்திரமானது. ஆறாம் ஆண்டில் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு, யூ.பி.எஸ்.ஆர். ரத்து, அடுத்த ஆண்டு ஒரேயடியாக ஒழிப்பு. மூன்றாம் படிவத்துக்கு வருவதற்குள் அங்கே எழுதும் பி.டி.3 பரீட்சையும் போய்விட்டது. ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம்.தான் அவர்களுக்கு முதல் பொதுத் தேர்வு. பரீட்சை போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தோட்டப்புறத்தில் ஒரு பிள்ளையை வெளியுலகம் கவனிக்க, பத்திரிகையில் போட்டோவோடு வரும் அந்த ஏ-க்கள்தான் ஒரே கொடியாக இருந்தன. அதன் பிறகு வந்தது பெரும்பாலும் வகுப்பறை மதிப்பீட்டில் டீச்சர் போடும் ஒன்றிலிருந்து ஆறு வரையிலான நிலைதான். முழு விடுதிப் பள்ளிக்கு வேண்டுமானால் பி.கே.எஸ்.கே. என்ற இணையத் தேர்வுக்கு ஆறாம் ஆண்டிலோ மூன்றாம் படிவத்திலோ பதிய வேண்டும். அதையும் தேடிப் போனவர்களுக்குத்தான் தெரியும். ஐந்தாம் ஆண்டிலேயே கேட்டு வையுங்கள்.

மகன் 2025இல் ஐந்தாம் படிவம். பகாவிலேயே சாதாரண அரசாங்கப் பள்ளி. கூடுதல் கணக்கில் நன்றாகச் செய்தான், வரலாற்றில் திட்டு வாங்கினான்.

பின் லயத்துப் பையன் டவுனில் மோட்டார் சைக்கிள் ஒர்க்ஷாப்பில் இருக்கிறான். பள்ளியில் ஒவ்வொரு ஆண்டும் தஸ்தாவேஜ் கேட்டுக் கேட்டு, ஒரு கட்டத்தில் அவனே நின்றுவிட்டான். அவன் அப்பா இரண்டு தடவை மனுப் போட்டார், இரண்டும் எந்தக் காகிதம் குறைகிறது என்று தெரியாமலே கிடந்தன. படிவம் நிரப்புவது என் தொழில். பத்து வயதில் சித்தி வீட்டு மேசையில் அந்தக் கட்டம் காலியாக நின்றபோதே நான் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். மகன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் மூன்றாவது மனுவோடு நானே கூடப் போனேன். பிறப்புப் பதிவு, அம்மாவின் கடப்பிதழ் நகல், பள்ளிச் சான்று, மருத்துவமனைக் காகிதம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கோப்பில் வரிசையாகப் போட்டு, மேலே ஒரு பட்டியலும் ஒட்டியிருந்தேன். எண் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். மணி ஒன்றரை. கொஞ்ச நேரம் கவுண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆண்ட்டி, நமக்கு முன்னால இருபது பேரு. ரெண்டு கவுண்டர், ஒரு ஆளுக்குப் பதினோரு நிமிஷம் ஆகுது. மூணு இருபதுக்குத்தான் கூப்பிடுவாங்க. நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க."

போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். மூன்று இருபத்தைந்துக்குக் கூப்பிட்டார்கள்.